இருமல் நின்ற கதை

அத்தியாயம் 17

வியாழக்கிழமை மாலை லிசா பால்கனியில் கற்பூரவல்லித் தொட்டிக்கு மண் மாற்றினாள். வேரோடு வேராக வெள்ளை வெள்ளையாய் ஊறிக் கிடந்த ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் கையோடு வந்தன. அவளுடைய அப்பா காஸ்பர் தினமும் காலையில் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்து, பால்கனிக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவாரே, அந்தக் காற்றின் ரகசியம் அன்றுதான் தெரிந்தது. நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் தொட்டியில் துப்பியிருக்கிறார்.

அம்மா ஆலிஸ் டீச்சருக்குக் கோபத்தைவிட முதலில் வந்தது குமட்டல். அந்தச் செடியின் இலையைத்தான் அவள் தினமும் கிள்ளி, அதே மனிதருக்குக் கஷாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்தாள். ரசத்திலும் போட்டிருக்கிறாள். பஜ்ஜியும் சுட்டிருக்கிறாள். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்தபோது, "டீச்சர் வீட்டுப் பஜ்ஜி மாதிரி வராது" என்று அவர் கேட்டு வாங்கித் தின்ற பஜ்ஜி அது.

சீ!

வெள்ளிக்கிழமை விடிந்தது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளி. அடையாறு வீட்டில் காலையில் எப்போதும் நடப்பது இதுதான்: காஸ்பர் ஹாலில் உட்கார்ந்து பிரஷர் மெஷினைத் தானே மாட்டிக்கொண்டு, கோயிலில் பாட்டு நம்பர் அறிவிக்கிற குரலில் கூவுவார்.

"நூத்தி இருபத்தெட்டு, எண்பது!"

ஆலிஸ் அடுப்படியிலிருந்தே, "மாதாவே, நன்றி" என்பாள். தன் கஷாயம்தான் குறைத்தது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை வேறு.

இன்று அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கையை நீட்டுங்க."

"நானே பார்த்துக்கிறேன் ஆலிஸ்."

"நீங்க பார்த்துக்கிட்ட லட்சணம் தொட்டியில தெரிஞ்சுது. நீட்டுங்க."

பட்டை உப்பியது, இறுகியது, மெல்லத் தளர்ந்தது. நூற்று எழுபத்தெட்டு. கீழே நூற்று எட்டு.

ஆலிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அது அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"எதுக்குங்க துப்பினீங்க?"

காஸ்பர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அந்த மாத்திரை போட்டா எனக்கு இருமல் வருது ஆலிஸ். வறட்டு இருமல். போன தவக்காலத்துல ஞாபகம் இருக்கா? சிலுவைப்பாதையில பதினோராம் ஸ்தலம். ஆண்டவரைச் சிலுவையில அறையுற இடம். ஜனங்க முட்டி போட்டுக் கண்ணீர் விடுறாங்க. நான் மைக்ல லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு நிக்கிறேன். பாடகர் குழுவுல அந்த விக்கி பய சிரிச்சான். முப்பது வருஷமா பாடுறேன், என்னைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சான்."

"இதை டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இருமலுக்குப் போய் டாக்டரா?"

"இருமலுக்கு டாக்டர் வேணாம். மாத்திரையை நிறுத்தவும் டாக்டர் வேணாம். எல்லாத்துக்கும் என் தம்பி போதும், இல்ல?"

ஃபிரெட்ரிக், ஆலிஸின் ஒரே தம்பி. மாத்திரையை நிறுத்தச் சொன்னது அவன்தான் என்று காஸ்பர் நேற்றே உளறியிருந்தார். முதலில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றான். அப்புறம் மனை. அப்புறம் காந்தப் படுக்கை. இப்போது ஆயுர்வேதம். தி.நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் நாலு நாற்காலி போட்டு, 'கொதிப்பில்லாக் குடும்பம்' என்று பலகை மாட்டியிருக்கிறான். ஆயுர்வேதத்துக்கும் அவனுக்கும் உள்ள சம்பந்தம் அந்தப் பலகையோடு சரி.

இத்தனைக்கும் ஆலிஸ் காஸ்பரை மயிலாப்பூரில் நிஜமான ஆயுர்வேத டாக்டரிடம்தான் முதலில் கூட்டிப் போனாள். டாக்டர் ஸ்ரீரஞ்சனி நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, சமையலறை வரைக்கும் விசாரித்தார். உப்பைப் பாதியாக்குங்கள், அப்பளம் ஊறுகாய் கருவாட்டை மறந்துவிடுங்கள், காலையில் வேர்க்க நடங்கள், நேரத்தோடு தூங்குங்கள், கஷாயம் ஒத்தாசைக்குத்தான், இங்கிலீஷ் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். காஸ்பர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தார்.

ஃபிரெட்ரிக் நடக்கச் சொல்லவில்லை. கருவாட்டை விடச் சொல்லவில்லை. ஒரு டப்பா கொடுத்தான். காலையும் மாலையும் ஒரு ஸ்பூன், மாத்திரையே வேண்டாம் மாமா என்றான். சோம்பேறிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

"இருமல் நின்னுடுச்சு ஆலிஸ்" என்றார் காஸ்பர். முகம் மலர்ந்துவிட்டது. "குரலைக் கேளேன்."

உட்கார்ந்த இடத்திலேயே ஒரு வரி பாடினார். குழைவாக, பிசிறில்லாமல் இருந்தது. ஆலிஸுக்கு அதுதான் தாங்கவில்லை. நூற்று எழுபத்தெட்டை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் குரல் காட்டுகிறார்.

"சாயங்காலம் நாலு மணிக்கு மாத்திரை எழுதிக் குடுத்த டாக்டரைப் பார்க்கறோம். போன் பண்ணிட்டேன்."

"அஞ்சரைக்குச் சிலுவைப்பாதை. நாலு மணிக்கு நான் குழுவோட இருக்கணும். ஈஸ்டர் முடியட்டும், மாத்திரையைப் போட்டுத் தொலைக்கிறேன்."

"உயிர்ப்பு ஞாயிறுக்கு நீங்க உயிரோட இருக்கணுமே!"

காஸ்பர் எழுந்து குளிக்கப் போய்விட்டார். குளியலறையிலிருந்தும் பாட்டு வந்தது.

* * *

வெள்ளிக்கிழமை சுத்தபோசனம். கறி கூடாது, மீன் கூடும். வீட்டில் இடி விழுந்தாலும் மதியத்துக்குக் குழம்பு வைத்தாக வேண்டுமே. லிசாவுக்கு அன்று வீட்டிலிருந்து வேலை. லேப்டாப்பை மூடிவிட்டு அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊரூர் ஒல்காட் குப்பத்துக்கு வந்தாள்.

ஆரோக்கியமேரி வழக்கமான இடத்தில் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள். ஆலிஸுக்கு அவளிடம்தான் மீன். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஆலிஸிடம் படித்தவர்கள். நெற்றி முழுக்கத் தைலம் தடவி, தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள்.

"இன்னா டீச்சர், இன்னிக்கு லேட்டு? சங்கரா கீது, நல்லா பிரெஷ்ஷு."

"தலையில என்ன மேரி கட்டு?"

"ரெண்டு மூணு நாளா தலை பாரமாக் கீது. வெயிலு." மீனைச் செதிலெடுத்துக்கொண்டே சிரித்தாள். "ஆனா டீச்சர், உங்களுக்குத்தான் தேங்ஸ் சொல்லணும். பிரஷர் மாத்திரைய நிறுத்திட்டேன். உங்க மருந்துதான் துன்றேன்."

ஆலிஸுக்குப் புரியவில்லை. "எங்க மருந்தா?"

"அதான், அண்ணன் வீடியோல சொன்னாரே!"

மேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். லிசா வாங்கி ஓடவிட்டாள்.

காஸ்பர் வந்தார். கோயிலில் பாடும்போது போடுகிற வெள்ளை அங்கி. பின்னால் அவர்கள் வீட்டுப் பால்கனி, அந்தப் பாழாய்ப்போன தொட்டி. புன்னகையோடு பேசினார். "மூணு மாசமா நான் ஒரு மாத்திரை போடலை. பிரஷர் நார்மல். எல்லாம் என் மச்சான் ஃபிரெட்ரிக்கோட மூலிகைப் பொடி. என் மனைவி ஆலிஸ் டீச்சர் தன் கையாலேயே எனக்கு இதைக் காய்ச்சிக் கொடுக்கறாங்க. டீச்சரை உங்க எல்லாருக்கும் தெரியும்."

ஆலிஸ் அந்த டப்பாவைக் கண்ணால் கண்டதில்லை. அவள் காய்ச்சியது டாக்டர் ஸ்ரீரஞ்சனி கொடுத்த கஷாயம். அதை அவர் குடித்தாரா, அதற்கும் ஒரு தொட்டி இருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

"உங்க பேரு சொன்னாரா, அதான் நம்பி வாங்கினேன்" என்றாள் மேரி. "இங்க நாலஞ்சு பொம்பளைங்கோ வாங்கிக்கினாங்கோ. டீச்சரே குடுக்குறாங்கன்னா அப்பறம் இன்னா?"

"மேரி, அது பொய். இன்னைக்குக் காலையில அவருக்கு நூத்தி எழுபத்தெட்டு. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன். நீ முதல்ல மாத்திரையைப் போடு."

மேரி நம்பாமல் பார்த்தாள்.

"இன்னா டீச்சர் இப்டி சொல்றீங்கோ? அண்ணன் நல்லாத்தானே கீறாரு? போன வெள்ளிக்கெழம இன்னா ராகமாப் பாடுனாரு! மின்ன மாதிரி இருமல் கூட இல்ல. உங்களுக்குள்ள இன்னா சண்டையோ எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் போட்டுக்குறேன்."

லிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆலிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மேரியிடம் தப்பில்லை. வீடியோவில் அங்கி போட்டுக்கொண்டு பேசுகிறவர் அவர்தானே.

"அந்த டப்பாவைக் கொஞ்சம் குடு."

பலகைக்கு அடியிலிருந்து டப்பா வந்தது. மூடியில் மீன் செதில் ஒட்டியிருந்தது. திறந்தால் தித்திப்பான வாசனை. குடலும் செதிலும் குவிந்து கிடக்கிற இடத்தில் பல வருஷமாக மூக்கைச் சுளிக்காமல் மீன் வாங்கியவள் ஆலிஸ். அந்தத் தித்திப்பு வாசனைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

* * *

மயிலாப்பூரில் டாக்டர் ஸ்ரீரஞ்சனி பொடியைக் கிள்ளி நாக்கில் வைத்தார். உடனே எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தார்.

"யாரு டீச்சர் குடுத்தா இதை? முக்கால்வாசி அதிமதுரம்."

"அதிமதுரம் கெடுதலா டாக்டர்? எங்க கோயில்ல பாடுறவங்க எல்லாம் தொண்டைக்குச் சப்புவாங்களே."

"தொண்டைக்கு அதைவிட நல்ல மூலிகை கிடையாது. ஆனா கொதிப்பு இருக்கறவா தினமும் ஸ்பூன் ஸ்பூனா சாப்பிடப்படாது. உப்பையும் தண்ணியையும் உடம்புல பிடிச்சு வச்சுக்கும். பிரஷரை ஏத்தி விட்டுடும். அவர் மாத்திரையையும் நிறுத்தி, இதையும் சாப்பிட்டுண்டு இருந்தார்னா..."

மீதி ஆலிஸுக்கே புரிந்தது. மாத்திரையால் வந்த இருமல் மாத்திரையை நிறுத்தியதால் நின்றது. மிச்சம் இருந்த கரகரப்பை அதிமதுரம் வழித்துவிட்டது. குரல் தேனாய் ஆனது. உள்ளே கொதிப்பு ஏறியது. காஸ்பர் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சில மாத்திரை சிலருக்கு அப்படித்தான் இருமல் குடுக்கும்" என்றார் டாக்டர். "சொன்னா வேற மாத்திரை மாத்திக் குடுப்பா. ஒரு வார்த்தை சொல்றதுக்கு இந்த ஆம்பளைகளுக்கு என்ன கேடு? இன்னிக்கே அழைச்சுண்டு போங்கோ டீச்சர். தள்ளிப் போடற விஷயம் இல்லை." டப்பாவை விரல் நுனியால் தள்ளினார். "இந்த மாதிரி ஆளுங்களால எங்க சாஸ்திரத்துக்கே கெட்ட பேரு. நடங்கோன்னா யாருக்கும் பிடிக்கறதில்லை. டப்பா குடுத்தா கும்பிடறா."

ஆலிஸ் படியிறங்கும்போது லிசா கேட்டாள்.

"இப்ப எங்க மம்மி?"

"தி.நகர்."

* * *

புடவைக் கடை மாடியில் ஊதுபத்தி மணத்தது. சுவரில் தன்வந்திரி படம். பக்கத்திலேயே லூர்து மாதா. அதற்குப் பக்கத்தில் பச்சைத் துணியில் தங்க அரபி எழுத்து. வருகிற வாடிக்கையாளர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் மாடியில் ஒரு படம் தயார். ஞாயிறு பூசைக்கு வருஷத்தில் இரண்டு முறைகூடப் போகாதவன், தவக்காலத்தை முன்னிட்டு வெள்ளை ஜிப்பாவில் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா! வா வா! லிசா குட்டி, என்னடா இளைச்சிட்ட? நம்ம பொடியில ஒண்ணு..."

"வீடியோவை எடு."

"எந்த வீடியோ?"

"ஃபிரெட்ரிக், எனக்கு நேரமில்லை. மாமாவுக்குப் பிரஷர் நூத்தி எழுபத்தெட்டு. நீ குடுத்தது கொதிப்பை ஏத்துற மூலிகை. குப்பத்துல ஆரோக்கியமேரி மாத்திரையை நிறுத்திட்டுத் தலையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. என் பேரைச் சொல்லி வித்திருக்கே. எடு."

ஃபிரெட்ரிக் சாய்ந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கோபத்தைக் கண்டவன். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"அக்கா, நிதானமா யோசி. இப்ப எடுத்தா எல்லாரும் என்ன கேப்பாங்க? காஸ்பர் சார் பொய் சொன்னாரான்னு கேப்பாங்க. பெரிய வெள்ளிக்கு அவர்தான் பாடுகள் வரலாற்றுல ஏசுவோட பாகம் பாடறாரு. அவர் மானம்தானே போகும்? நான் மாமாவுக்காகத்தான் பார்க்கறேன்."

"மாமாவுக்காக!"

"மூலிகைன்னா மெதுவாத்தான் வேலை செய்யும். முதல்ல ஏறும், அப்புறம் இறங்கும். உள்ள இருக்கற கெட்டது வெளிய வருது."

அப்போதுதான் லிசா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். மேஜையில் மதியச் சாப்பாட்டு டப்பா திறந்து கிடந்தது. பக்கத்தில் தண்ணீர் டம்ளர். டம்ளருக்குப் பின்னால், ஒரு துண்டு காகிதத்தில், பிரித்து வைத்த ஒரு சின்ன வெள்ளை மாத்திரையும் அதன் அட்டையும். லிசா அட்டையைக் கையில் எடுத்துப் பெயரைப் படித்தாள். அப்பாவின் அட்டைகளை நேற்றிலிருந்து பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடம்.

"மாமா, இது பிரஷர் மாத்திரை."

"யாரோடது?" என்றாள் ஆலிஸ்.

ஃபிரெட்ரிக் முதன்முறையாகக் கண்ணைத் தாழ்த்தினான். அதுவும் ஒரு நிமிஷம்தான்.

"என்னோடதுதான்கா. நம்ம அப்பா எப்படிப் போனாருன்னு உனக்குத் தெரியாதா? பக்கவாதம். நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் இருக்கு. நான் எப்படி ரிஸ்க் எடுக்க முடியும்? எனக்குப் பிள்ளைங்க இருக்கு."

ஆலிஸ் அவனையே பார்த்தாள். இரண்டு வயசுப் பையனாக இவன் வயிற்றுப்போக்கில் கிடந்தபோது பீத்துணி அலசியவள் அவள். அன்றைக்கு வராத அருவருப்பு இன்றைக்கு வந்தது. தன் உயிருக்கு மாத்திரை, ஊரான் உயிருக்குப் பொடி. ஊரான்கூட இல்லை, அக்கா புருஷன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையைக்கூட 'நாயே' என்று திட்டாதவள் ஆலிஸ் டீச்சர்.

"தூ!" என்றாள்.

எச்சில் எதுவும் விழவில்லை. விழுந்த மாதிரிதான் ஃபிரெட்ரிக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

* * *

நாலு மணிக்கு டாக்டர் வீட்டு வாசலில் ஆலிஸும் லிசாவும் காத்திருந்தார்கள். காஸ்பர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

கோயில் வளாகத்தில் அவரைப் பிடித்தார்கள். வெள்ளை அங்கி மாட்டி, மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆலிஸ் அவரை வேப்ப மரத்தடிக்கு ஒதுக்கினாள். அதிமதுரத்தைச் சொன்னாள். ஃபிரெட்ரிக்கின் மேஜையில் இருந்த மாத்திரையைச் சொன்னாள். காஸ்பர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அவனும் போடறானா?" என்றார்.

"போடறான். தவறாம. சாப்பாட்டுக்கு அப்புறம். அவன் பால்கனிக்குப் போறதில்லை."

காஸ்பர் எச்சில் விழுங்கினார். ஒரு கணம் ஆலிஸுக்கு நம்பிக்கை வந்தது.

"சரி, நடந்தது நடந்து போச்சு" என்றாள் மெதுவாக. "நாளைக்குக் காலையில முதல் ஆளா டாக்டர்கிட்ட போவோம். ஆனா இன்னைக்கு ஆரோக்கியமேரி வருவா. அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. 'மாத்திரை போடு மேரி'ன்னு சொன்னாப் போதும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா."

காஸ்பர் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

"மேரிகிட்ட சொன்னா குப்பத்துக்கே தெரியும். குப்பத்துக்குத் தெரிஞ்சா பங்குக்கே தெரியும். பெரிய வெள்ளிக்கு நான் ஆண்டவரோட குரல், ஆலிஸ். பொய் சொன்னவன்னு தெரிஞ்சா சாமியார் என்னை மைக் பக்கம் விடுவாரா? அந்த விக்கிக்குக் குடுத்துடுவாரு. இன்னும் ஒரு வாரம். ஒரே வாரம் பொறு."

"அதுக்குள்ள அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"எல்லாருக்கும் ஏதாவது ஆயிடுதா என்ன?" என்று சொல்லிவிட்டு அங்கியை உதறிச் சரி செய்துகொண்டு போனார்.

ஆலிஸ் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஆளோடுதான் முப்பத்திரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைத்தாள். அவளுக்கு வாய் கொப்பளிக்க வேண்டும் போல இருந்தது.

சிலுவைப்பாதை தொடங்கியது. வளாகத்தைச் சுற்றிப் பதினான்கு ஸ்தலங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சபையார் வாசிப்பார்கள், அது முடிந்ததும் காஸ்பர் பாடுவார், ஜனங்கள் பாடிக்கொண்டே அடுத்ததுக்கு நகர்வார்கள். அன்றைக்கு அவர் குரல் எப்படி இருந்தது தெரியுமா? கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். நடுநடுவே பெண்கள் ஆலிஸைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள், எல்லாம் டீச்சர் கைமருந்து என்பது போல. ஒவ்வொரு தலையசைப்பும் அவளுக்குக் கன்னத்தில் விழுந்த அறை. அவர் எவ்வளவு நன்றாகப் பாடுகிறாரோ அவ்வளவு டப்பா விற்கும்.

கூட்டத்தின் ஓரத்தில் ஆரோக்கியமேரி முக்காடு போட்டு நின்றாள். முக்காட்டுக்கு அடியில் கட்டு இன்னும் இருந்தது. முட்டி போட்டு எழும்போது பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

எட்டாம் ஸ்தலம். இயேசு எருசலேம் பெண்களுக்கு ஆறுதல் சொல்கிற இடம். அந்தப் பங்கில் அதை மாதா சபைப் பெண்கள்தான் வாசிப்பார்கள். பல வருஷமாக ஆலிஸ் டீச்சர்தான் வாசிப்பாள். காஸ்பர் மைக்கை அவளிடம் நீட்டினார். கண்ணால் கெஞ்சினார்.

ஆலிஸ் வாசித்தாள். எனக்காக அழ வேண்டாம், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்ற இடம் வந்தது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"இனிமே சொல்றது புத்தகத்துல இல்லை. நான் சொல்றது. என் வீட்டுக்காரர் வீடியோவை நிறைய பேர் பார்த்திருக்கீங்க. அதுல சொன்னது பொய். அவருக்குப் பிரஷர் குறையலை. இன்னைக்குக் காலையில நூத்தி எழுபத்தெட்டு. அந்தப் பொடியை நான் காய்ச்சவும் இல்லை, கண்ணால பார்க்கவும் இல்லை. அது கொதிப்பை ஏத்தும்னு ஆயுர்வேத டாக்டரே சொல்லிட்டாங்க. அதை நம்பி மாத்திரையை நிறுத்தினவங்க இங்க இருந்தா, டப்பாவைத் தூக்கிப் போடுங்க. உடனே உங்க டாக்டரைப் போய்ப் பாருங்க. என் பேரைக் கேட்டு வாங்கினவங்க என்னை மன்னிச்சுக்குங்க."

பங்குச் சாமியார் சிலுவையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். விக்கி வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

காஸ்பர் முன்னால் வந்தார். ஆலிஸின் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தாள். மைக் முன்னால் அவர் முகம் உடனே மாறியது. வீடியோவில் பார்த்த அதே புன்னகை வந்து ஒட்டிக்கொண்டது.

"மன்னிக்கணும்" என்றார். "என் மனைவிக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்லை. மனசும் சரியில்லை. அவங்களுக்காக வேண்டிக்குங்க. ஒன்பதாம் ஸ்தலத்துக்குப் போவோம்."

பாடினார். இருமல் இல்லை, பிசிறு இல்லை. ஐயோ பாவம் டீச்சர் என்று யாரோ முணுமுணுத்தார்கள். சிலுவை நகர்ந்தது, மெழுகுவர்த்திகள் நகர்ந்தன, ஜனங்கள் அந்தக் குரலின் பின்னால் போனார்கள்.

எட்டாம் ஸ்தலத்தில் ஆலிஸ் நின்றாள், பக்கத்தில் லிசா. மேரி மட்டும் கூட்டத்தோடு போகவில்லை. நாலடி தள்ளி நின்று போகிறவர்களைப் பார்த்தாள், ஆலிஸைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இறக்கிவிட்டு அருகில் வந்தாள்.

"டீச்சர், அண்ணன்தான் பொய் சொல்றாரு."

"எப்படிச் சொல்றே மேரி?"

"பொண்டாட்டிக்கு நெசமாவே ஒடம்பு சரியில்லன்னா, அவள நடுவுல வுட்டுட்டு எந்தப் புருசனாவது பாட்டு பாடிக்கினு போவானா?"

லிசா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாங்க அக்கா, இப்பவே டாக்டர்கிட்ட போயிடலாம்."

மேரி அவளோடு நடந்தாள். ஆலிஸ் அங்கேயே நின்றாள். தூரத்தில் அந்த அழகான குரல் ஒன்பதாம் ஸ்தலத்தைத் தொடங்கியது. இன்னும் ஆறு பாக்கி. எல்லாம் முடிந்ததும் அந்த மனுஷன் வீட்டுக்குத்தான் வருவார், பசிக்குது ஆலிஸ் என்பார்.